வாசலிலிருந்து அளப்போம்: நாகர்கோவிலில் ஒரு பகுதியின் நடைவசதியைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடை 230 மீட்டர். அம்மா நடப்பது 350 மீட்டர். நடுவில் கால்வாய் ஓடுகிறது, பாலம் இருக்கிற இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். நான் நடந்தால் நாலரை நிமிடம் ஆகும். அம்மாவுக்கு 9 நிமிடம் ஆகிறது, அதில் 2 நிமிடம் ரோட்டைக் கடக்கக் காத்து நிற்பதிலேயே போய்விடும். மழை பெய்தால் ஓடை மேல் போட்ட சிலாப் எது, பள்ளம் எது என்று தெரியாது. அன்றைக்கு அம்மா கடைக்குப் போவதில்லை.

நகரத் திட்டங்களில் "500 மீட்டருக்குள் ரேஷன் கடை உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் எங்கள் வீடு வசதியான வீடாகிவிடும். அந்த வரிக்கும் அம்மாவின் 9 நிமிடத்துக்கும் நடுவில் இருப்பதை அளப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. ஒரு லேப்டாப், ஒரு போன், ஒரு இன்ச் டேப், நடக்கத் தயாராக நாலு பேர் இருந்தால் போதும். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒன்று, நடந்து போகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது. இரண்டு, போகிற வழி நடக்கிற மாதிரி இருக்கிறதா. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கடைகள் நிறைந்த ஒரு சந்திப்பில் முதல் மதிப்பெண் 90, இரண்டாவது 30 என்று வரலாம். ஊருக்கு வெளியே புதிதாக வந்த மனைப்பிரிவில் அதுவே தலைகீழாக இருக்கும். சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 60தான். ஆனால் முதல் இடத்துக்குத் தேவை ரோட்டைக் கடக்க வழி, இரண்டாவது இடத்துக்குத் தேவை ஒரு கடையும் பஸ்ஸும்.

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. 1929லேயே கிளாரன்ஸ் பெர்ரி, ஒரு தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்துச் சுற்றிக் கால் மைலுக்குள் வீடுகள் அமையும் குடியிருப்பு அலகைப் பேசினார். கால் மைல் என்பது சுமார் 400 மீட்டர், 5 நிமிட நடை. 1959இல் வால்டர் ஹேன்சன் எட்டும் வசதியைக் கணக்காக எழுதிக் காட்டினார்: ஒரு இடம் தூரமாகப் போகப் போக அதன் பயன் குறைகிறது. 2007இல் வந்த வாக் ஸ்கோர் என்ற இணையக் கருவி இதே கருத்தை 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணாக்கியது. 400 மீட்டருக்குள் இருந்தால் முழு மதிப்பெண், அரை மணி நேர நடைக்கு அப்பால் இருந்தால் பூஜ்யம். பாரிஸ் நகரம் கையில் எடுத்த கார்லோஸ் மொரேனோவின் 15 நிமிட நகரம் என்ற யோசனைக்கும் வேர் இதுதான்.

வாக் ஸ்கோர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஊர்களுக்காகச் செய்யப்பட்டது. அது கேட்கும் கேள்விகள் நமக்குப் போதாது. ரேஷன் கடையும் அங்கன்வாடியும் அதன் பட்டியலில் இல்லை, திறந்து கிடக்கும் ஓடையும் இல்லை. அதனால் கருத்தை எடுத்துக்கொண்டு கருவியை நாமே செய்வோம்.

படி 1: எங்கே அளப்பது

முழு நாகர்கோவிலையும் முதல் தடவையே எடுக்காதீர்கள். 52 வார்டு கொண்ட மாநகராட்சி அது, களைத்துப் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று இடங்கள் போதும். வடிவீஸ்வரம், கோட்டாறு போல நெருக்கமான பழைய தெருக்கள் ஒன்று. வடசேரி, வேப்பமூடு போல வண்டி நெரிசல் உள்ள பகுதி ஒன்று. ஆசாரிப்பள்ளம், பார்வதிபுரம் பக்கம் விரிந்துகொண்டே போகும் புதுக் குடியிருப்பு ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே இருப்பவர்கள் மார்த்தாண்டத்தையோ தக்கலையையோ எடுக்கலாம். அங்கே ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் பின்னால் சொல்லும் மேட்டுக் கணக்கைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கடலோர ஊர்களை விட்டுவிடாதீர்கள். அங்கே வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும், முடுக்குகள் குறுகலாக இருக்கும். நடைபாதை என்ற ஒன்றே இருக்காது. ஆனாலும் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்து போவார்கள். நடைபாதை இல்லாததால் இந்த இடத்தைக் கீழே தள்ளும் எந்த அளவுகோலும் தவறான அளவுகோல்.

வார்டு எல்லையோடு அளவை நிறுத்தவும் கூடாது. எல்லை வீட்டில் இருப்பவர் பக்கத்து வார்டுக் கடைக்குத்தான் போவார். எல்லையைச் சுற்றி இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு விவரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எவை தேவை, எவ்வளவு தேவை

பட்டியலை அறையில் உட்கார்ந்து போடாதீர்கள். பகுதியில் இருபது முப்பது வீடுகளில், "போன வாரம் எங்கெல்லாம் நடந்து போனீங்க, எங்கே நடக்க முடியாமல் ஆட்டோ பிடிச்சீங்க" என்று கேளுங்கள். நான் தொடங்கும்போது வைத்துக்கொள்ளும் பட்டியல் இது, 100க்கு எடை பிரித்தது:

பலசரக்கு, காய்கறி, மீன்: 20
பள்ளி, அங்கன்வாடி: 20
பஸ் ஸ்டாப்: 20
ஆரம்ப சுகாதார நிலையம்: 15
ரேஷன் கடை: 10
பூங்கா, விளையாட்டுத் திடல், குளத்தங்கரை போல உட்கார இடம்: 10
மெடிக்கல் ஸ்டோர்: 5

இந்த எண்கள் என் தீர்ப்புதான். உங்கள் பகுதியில் முதியவர்கள் அதிகம் என்றால் சுகாதார நிலையத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள். ஆனால் எடையைக் கணக்குப் போடும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். விடை வந்தபிறகு எடையை மாற்ற ஆரம்பித்தால் வேண்டிய விடையை யாரும் வரவழைத்துவிடலாம்.

பஸ் ஸ்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பம் நட்டிருந்தால் அது ஸ்டாப் ஆகிவிடாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை டவுன் பஸ் நிற்கிறது என்று எண்ணுங்கள். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, ஸ்டாப் வரை நடக்க முடிவதுதான் பல பெண்களுக்கு வேலைக்குப் போக முடிவதற்கான வழி. மணிக்கு நாலு பஸ்ஸுக்குக் குறைவாக வரும் ஸ்டாப்புக்குப் பாதி மதிப்பெண் மட்டும் கொடுக்கிறேன்.

மீன் இன்னொரு சிக்கல். நம் மாவட்டத்தில் பல தெருக்களுக்கு மீன் வீட்டு வாசலுக்கே வருகிறது. சந்தைக்கு 2 கிலோமீட்டர் என்று அந்தத் தெருவுக்குப் பூஜ்யம் போட்டால் பொய்யாகிவிடும். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் வரும் வியாபாரியை அந்தத் தெருவில் ஒரு புள்ளியாகவே பதிவு செய்யுங்கள். பள்ளிக்குச் சட்டமே ஓர் அளவு தருகிறது: கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர் நடை தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

படி 3: வரைபடத்தைத் திருத்துங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழிப்பவர்களுக்குத்தான் உண்மையான விடை கிடைக்கும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகள் இலவசமாகக் கிடைக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைச் சேர்த்து உங்கள் பகுதியை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும் முதல் வேலை, வரைபடத்தை யுடிஎம் என்ற, மீட்டரில் அளக்கும் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுவது. இல்லாவிட்டால் தூரம் மீட்டரில் வராமல் டிகிரியில் வரும். முதல் தடவை செய்கிறவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்புறம் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். நம் ஊர்ப் பெயர்களில் பல "விளை" என்று முடியும், விளை என்றால் தோப்பு நிலம். விளைகள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகப் பிரிந்த இடங்களில், ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் ரோட்டைத் தனியாகப் போட்டு ஒரு சுற்றுச்சுவரில் கொண்டுபோய் முடித்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த தெரு. வரைபடத்தில் 10 மீட்டர், நடந்தால் 600 மீட்டர். இதற்கு எதிர்மாறாக, வரைபடத்தில் இல்லாத வழிகளும் உண்டு: கால்வாய்க்கரை ஒற்றையடிப் பாதை, இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு ஆள் மட்டும் போகிற முடுக்கு, தோப்பு வழியே காலங்காலமாக நடந்து தேய்ந்த தடம். இவற்றைச் சொல்லித் தருவது பள்ளிப் பிள்ளைகளும் வீட்டு வேலைக்குப் போகிற அக்காமாரும்தான். அவர்களோடு ஒரு காலை நேரம் நடங்கள்.

ஒவ்வொரு வழிக்கும் மூன்று குறிப்பு எழுதுங்கள். எல்லோருக்கும் திறந்ததா, ஒருவர் தயவில் திறந்திருப்பதா. இரவிலும் போகலாமா. மழையில் தண்ணீர் கட்டுமா. தனியார் இடத்தில் தயவில் நடக்கும் வழியை முக்கியக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாளைக்கே கேட் போட்டால் மூடிவிடும். அதை வரைபடத்தில் தனிப் படலமாக (லேயராக) வைத்து, "இந்த வழி மூடினால் என்ன ஆகும்" என்று பிறகு ஒரு முறை கணக்குப் போடுங்கள். பழையாறு, அனந்தனாறு கால்வாய், குளங்கள், ரயில் பாதை ஆகியவற்றில் எங்கெல்லாம் கடக்க முடியும் என்பதை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு பாலத்தை விட்டுவிட்டாலும் அந்தக் கரை முழுவதன் கணக்கும் கெட்டுவிடும்.

படி 4: தூரத்திலிருந்து மதிப்பெண்

பகுதியை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, வீடுகள் உள்ள ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் கணக்கிடுங்கள். கியூஜிஐஎஸ்ஸின் பிராசஸிங் பெட்டியில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. கட்டத்திலிருந்து ஒவ்வொரு வகையிலும் அருகில் உள்ள இடத்துக்கு, சாலை வழியே எத்தனை மீட்டர் என்று எடுக்க வேண்டும்.

மதிப்பெண் விதி எளிமையாக இருக்கட்டும். 400 மீட்டர் வரை 1. 1600 மீட்டரில் 0. நடுவில் நேர்கோடாகக் குறையும்: 1600லிருந்து தூரத்தைக் கழித்து 1200ஆல் வகுத்தால் போதும். மேட்டுப் பகுதி என்றால் 1892இல் நெய்ஸ்மித் சொன்ன மலையேற்றக் கணக்கை வைத்துக்கொள்ளலாம், சுமார் 10 மீட்டர் ஏற்றத்துக்கு 1 நிமிடம் கூடுதல். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடை என்றால் அது 80 மீட்டர் தூரம் கூடியதற்குச் சமம்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கு மட்டும். பலசரக்குக் கடை 200 மீட்டர், ரேஷன் கடை 350, பஸ் ஸ்டாப் 500, பள்ளி 700, மெடிக்கல் 1000, சுகாதார நிலையம் 1300, பூங்கா 1800. பலசரக்குக்கு முழு 20. ரேஷனுக்கு முழு 10. பஸ் ஸ்டாப் 0.92 பங்கு, அதாவது 18.3. பள்ளி 0.75 பங்கு, 15. மெடிக்கல் பாதி, 2.5. சுகாதார நிலையம் கால் பங்கு, 3.75. பூங்கா 0. கூட்டினால் கிட்டத்தட்ட 70.

இப்போது அதே கட்டத்தை நேர்கோட்டுத் தூரத்தில் போடுங்கள். சுற்று வழி நேர்கோட்டைப்போல சுமார் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் பள்ளி 450, பஸ் ஸ்டாப் 330, மெடிக்கல் 650, சுகாதார நிலையம் 850, பூங்கா 1200 என்று வரும். மொத்தம் 86. வீடும் கடையும் நகரவில்லை, 16 மதிப்பெண் காற்றில் வந்துவிட்டது. வட்டம் போட்டுக் காட்டும் அறிக்கையை யாராவது உங்களிடம் நீட்டினால் இந்த 16ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்றரை மடங்கே ஒரு நல்ல அளவுகோல். நடந்த தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது சுற்று விகிதம். கட்டம் கட்டமாக அமைந்த தெருக்களில் இது பெரும்பாலும் 1.41ஐத் தாண்டாது. உங்கள் பகுதியில் 1.5க்கு மேல் அடிக்கடி வந்தால், அங்கே புதுக் கடையை விட ஒரு சின்ன இணைப்பு வழிதான் அதிகம் தேவை.

கடைசியாக எல்லாவற்றையும் இரண்டு வேகத்தில் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் ஒன்று, 50 மீட்டர் ஒன்று. இரண்டாவது அம்மாவின் வேகம். 5 நிமிட நடை என்பது ஒருவருக்கு 400 மீட்டர், இன்னொருவருக்கு 250. மெதுவாக நடப்பவருக்கு 250 வரை 1, 1000த்தில் 0 என்று அதே விதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வழியை நடந்து பாருங்கள்

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை ஒரு துண்டு. இரண்டு பேர் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடக்கும் இடம், ஓடை, ரோட்டைக் கடப்பது, வெளிச்சம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். கியூஃபீல்டு என்ற செயலியை போனில் போட்டுக்கொண்டால் நடந்துகொண்டே பதியலாம்.

நடக்கும் இடத்தை டேப் வைத்து அளங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேலே 2.2 மீட்டர் வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் 2.5 மீட்டர் அகலம். நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இங்கே "தடையில்லாத" என்ற சொல்தான் உயிர். நடைபாதை 2 மீட்டர் இருக்கும், நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கும், மிச்சம் 60 சென்டிமீட்டர். நீங்கள் எழுத வேண்டியது 60. சக்கர நாற்காலிக்கு 90 வேண்டும்.

வண்டி மெதுவாகப் போகும் தெருவில், முடுக்கில், நடைபாதை இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அங்கே கேட்க வேண்டியது வேறு: ஒரு தாய் ஏழு வயதுப் பிள்ளையின் கையை விட்டு நடப்பாரா. ஆம் என்றால் 4.

ஓடையைத் தனியாக எழுதுங்கள். மூடியிருக்கிறதா, சிலாப் ஆடுகிறதா, இரண்டு சிலாப்புக்கு நடுவில் கால் போகிற இடைவெளி உண்டா. நம் மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஏப்ரலில் 4 வாங்கிய தெரு நவம்பரில் 1 வாங்கும். வெயில் நாளில் ஒரு தடவை, நல்ல மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, இரண்டு தடவை நடப்பது தவிர்க்க முடியாதது.

ரோட்டைக் கடப்பதற்கு ஸ்டாப்வாட்ச் போதும். காலை எட்டரை மணிக்கு, ஒரு முதியவர் கடப்பதுபோல் பத்து தடவை காத்து நின்று கடந்து, ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி நின்றீர்கள் என்று எழுதுங்கள். 15 விநாடிக்குள் என்றால் 4, ஒரு நிமிடத்தைத் தாண்டினால் 0. தேசிய நெடுஞ்சாலை 66 ஊரைப் பிளந்து போகும் மார்த்தாண்டம், தக்கலை போன்ற இடங்களில் இந்த ஒரு எண்ணே மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் பேசும். காத்திருந்த நேரத்தைத் தூரமாகவும் மாற்றலாம்: ஒரு நிமிடம் நின்றால் 80 மீட்டர் கூடுதல் நடை.

வெளிச்சத்தை மாலை ஏழரைக்குப் பாருங்கள், குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். எதிரே வருகிறவரின் முகம் நாலைந்து மீட்டரில் தெரிகிறதா, திறந்திருக்கும் கடையோ ஆள் உள்ள வீட்டு வாசலோ கண்ணுக்கு எட்டுகிறதா. கால்வாய்க்கரை வழிகள் பகலில் 3 வாங்கிவிட்டு இங்கே 0 வாங்கும். அதனால் பகல் மதிப்பெண் வேறு, இரவு மதிப்பெண் வேறு. நிழலையும் உட்கார இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவை கூடுதல் சுகம் என்ற அளவில் மட்டும்.

நடைபாதை வியாபாரிகளைத் தடை என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். பூக்கடையும் டீக்கடையும் இருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. கடைக்கும் வழிக்கும் இடம் இருக்கிறதா என்று அளங்கள். போதவில்லை என்றால் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

துண்டுகளைச் சேர்த்து ஒரு வழிக்கு மதிப்பெண் போடும்போது, தரை, நிழல் போன்றவற்றுக்கு நீளத்தை வைத்துச் சராசரி எடுக்கலாம். கடப்பது, ஓடை, வெளிச்சம் மூன்றுக்கும் சராசரி கூடாது. வழியில் மிகக் குறைந்த துண்டின் மதிப்பெண்ணே முழு வழியின் மதிப்பெண். 340 மீட்டர் நல்ல பாதை, கடைசி 10 மீட்டரில் திறந்த ஓடை என்றால் அம்மாவுக்கு அந்தக் கடை இல்லை என்றே அர்த்தம்.

பத்தில் ஒரு துண்டை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளக்கட்டும். மதிப்பெண் 1க்கு மேல் வேறுபட்டால் உட்கார்ந்து பேசி விதியைத் தெளிவாக்கி, மறுபடியும் நடங்கள்.

படி 6: எத்தனை பேர் என்று சேருங்கள்

கட்டங்களின் சராசரியைச் சொன்னால் யாரும் இல்லாத தோப்பும் நூறு குடும்பம் உள்ள காலனியும் சமமாகிவிடும். 2011 கணக்கெடுப்பின் வார்டு மக்கள்தொகையை எடுத்து, கட்டிடங்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டங்களுக்குப் பிரியுங்கள். அது பழைய கணக்கு, புதுக் குடியிருப்புகளில் வீடுகளை நேரில் எண்ணித் திருத்த வேண்டும்.

விடையை இப்படிச் சொல்லுங்கள்: இத்தனை பேரில் இத்தனை பேருக்கு 10 நிமிட நடையில் சுகாதார நிலையம் இல்லை, இத்தனை பேருக்கு இரவில் பஸ் ஸ்டாப்புக்குப் பாதுகாப்பான வழி இல்லை. பிறகு மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கு மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தனி வரைபடம் போடுங்கள். எனக்கு முதலில் பார்க்கத் தோன்றும் வரைபடம் அதுதான்.

படி 7: மாற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்

வரைபடத்தில் ஒரு கோடு சேர்ப்பதற்குச் செலவில்லை. கால்வாய்க்குக் குறுக்கே ஒரு நடைபாலம் வரையுங்கள். பள்ளியின் பின்பக்கச் சுவரில் ஒரு சிறு வாசல் திறங்கள். முட்டி நிற்கும் இரண்டு தெருக்களை இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கை மறுபடி ஓட்டி, எத்தனை பேருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டருகே கால்வாயில் ஒரு நடைபாலம் சேர்த்துப் பார்த்தேன். ரேஷன் கடை 350லிருந்து 240 மீட்டருக்கு வந்தது, பஸ் ஸ்டாப்பும் அதே அளவு அருகில் வந்தது. ரோடு அகலப்படுத்தும் வேலையை வைத்துப் போட்டபோது தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை, கடக்கும் நேரம்தான் கூடியது.

இந்தக் கணக்குகளோடு, வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள், பேரூராட்சி, ஊராட்சிப் பகுதி என்றால் அங்கே உள்ள மன்றத்துக்கும் கிராம சபைக்கும். மூன்றே தாள் போதும்: மோசமான பத்து துண்டுகளின் புகைப்படமும் அளவும், மக்கள் எண்ணிக்கையோடு ஒரு வரைபடம், செலவு குறைந்த மூன்று மாற்றங்களும் அவற்றால் மிச்சமாகும் நிமிடங்களும். திருத்திய சாலைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடுங்கள், மற்ற தரவை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி தனியாக வையுங்கள், அடுத்த வார்டுக்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ஒரு வருடம் கழித்து, அதே மாதத்தில், அதே துண்டுகளை அதே நேரத்தில் மறுபடி நடங்கள். எங்கள் தெருவில் அடுத்த நடை நவம்பர் முதல் மழைக்கு. அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஸ்டாப்வாட்ச் அவர் கையில்.